யூதாஸ் வேஷக்காரனின் கோபம்

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷம், ஆவணி, ஞாயிறு.

இன்று சூசையை அடக்கம் செய்தோம். ஐந்து வருஷமாகத் தகப்பனோடு போனில்கூடக் கதைக்காத மகன் லண்டனிலிருந்து வந்து, வீடியோக்காரன் திரும்பிய பக்கமெல்லாம் பிரேதத்தை முத்தமிட்டுக் கதறினான்.

"உப்பிடியானவனை இங்கிலீசிலை ஹிப்போகிறிற், வெளிவேஷக்காரன் எண்டுறது, பிலிப்பண்ணை," என்றார் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட மாஸ்ரர். "அது பழைய கிரேக்கச் சொல். முதல் அர்த்தம் நாடகக்காரன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்களும் நாடகக்காரர்தான், மாஸ்ரர். பாஸ்கா நாடகத்திலை சூசை இயேசு, நான் யூதாஸ். காட்டிக்குடுக்க நான் குடுத்த முத்தம் வேஷமெண்டு முழுக் குருநகருக்கும் தெரியும். ஆரை ஏமாத்தினனாங்கள்?"



எனக்கு இன்னும் கொதி அடங்கவில்லை. அந்த மேடையில் ஏறியவர்களில் சூசையும் போய்விட்டான். இனி உயிரோடிருப்பது யூதாஸ் பிலிப்பு மட்டும்.