கடல் பக்கத்து ரூமுகள்

1999 நவம்பர் 14, தாமுவே, ரங்கூன்

நாள் முழுக்கத் தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள். சாயங்காலம் ஒரு பஸ் டிரைவர் வாசலில் வந்து நின்றார். கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி சைதா சொல்லியனுப்பினாளாம்: "ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. லாத்தாவை வரச் சொல்லுங்க."

ஊரையா? முழு ஊரையுமா?

நவம்பர் 16

பத்தேன் நகரம் தாண்டி மலைப்பாதை. கடைசி வளைவில் — கடல்! ரங்கூனில் பிறந்து ஆற்றை மட்டுமே பார்த்தவள் நான். அல்லாஹ், இவ்வளவு தண்ணீரா!

சைதாவின் புருஷன் பர்கத்துல்லா கருவாட்டு வியாபாரி. "ஹோட்டல் வருது மதினி. எல்லாரும் மலைக்குப் பின்னால போயிடணும்னு மிலிட்டரி ஆபீசர் சொல்லிட்டார். ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

கேட்டால் என்ன ஆகும்? அதை நானும் கேட்கவில்லை.

நவம்பர் 18

இன்று கண்டதை எப்படி எழுதுவேன்! வீட்டைப் பிரிக்கவில்லை, தூக்கிவிட்டார்கள். வீட்டின் மரக்கால்களைத் தோண்டியெடுத்து, அடியில் மூங்கில்களைக் குறுக்கே கட்டி, ஊரே தோள் கொடுத்தது. ஊர்ப்பெரியவர் ஊ ஓன் பே முன்னால் நின்று குரல் கொடுக்க, கூரையோடு சுவரோடு சைதாவின் வீடு மணலில் நடந்து போனது. உள்ளே கண்ணாடிகூட ஆணியிலேயே தொங்கியது. காவலுக்கு நின்ற சிப்பாய் வாயைப் பிளந்தபடி ஜீப்பை நகர்த்தி வழி விட்டான்.

"விழுந்துடுமோடி?"

"எங்காளுங்க தூக்கினா விழாது லாத்தா." அழுதுகொண்டேதான் சொன்னாள்.

நவம்பர் 19

தோள் கன்றிப்போயிருக்கிறது. நானும் தூக்கினேன்!

2001 பிப்ரவரி 3

அந்த ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைத்தேன். மாட்டவும் நானே வந்திருக்கிறேன். பளிங்குத் தரை, வெள்ளைக்காரர்கள், மணல் நெடுக விளக்கு. பொய் சொல்ல மாட்டேன் — அழகுதான்.

ஊர்க்காரர்கள் மணலில் கால் வைக்கக் கூடாதாம். என் உதவிக்காரி என்று வாட்ச்மேனிடம் சொல்லி சைதாவை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு அறையின் நடுவில் நின்று தரையைப் பார்த்தாள். "இதுக்கு நேர் கீழதான் என் அடுப்பு இருந்துச்சு."

திரையை விலக்கினேன். சைதா கண்ணாடியருகே வந்து நின்றாள். பிறகு மெதுவாக, "உசரத்துலேர்ந்து பாத்ததே இல்ல லாத்தா. இவ்ளோ பெருசா இருந்துச்சா நமக்கு?"

நவம்பர் 25, தாமுவே

பர்கத்துல்லா வந்தான். படகு இறக்க விடாததால் அங்கே மீன் இல்லை, கருவாடு இல்லை. இங்கே ரங்கூனிலேயே லான்மடாவில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டான்.

"அவ எங்க?"

"வர மாட்டேன்னுட்டா மதினி. அந்த ஹோட்டல்லயே ரூம் கூட்டுறா. தோட்டத்துப் பக்கந்தான் குடுத்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி, கடல் பக்கத்து ரூமுங்களா மாத்தி வாங்கிக்கிட்டா."