இடது கன்னத்துப் பனங்கட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள், அங்கே உங்களோடு வேலை செய்கிற லூர்த்தம்மா மாமிக்கும் வேண்டாம், அவர் உடனே பெரியம்மாவுக்கு எடுத்துச் சொல்லிவிடுவார். நீங்கள் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்த முறை முடியவில்லை. போனில் கதைக்கும்போது பெரியம்மா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் குவைத்துக்குத் திரும்பிப் போகிற லவீனா அக்காவிடம் இதைக் கொடுத்துவிடப் போகிறேன்.

வகுப்பில் பல்வலி தாங்காமல் அழுதேன், கஜந்தினி ரீச்சர் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் பல்லை மட்டும் பார்க்கவில்லை அம்மா, என்னென்னவோ கேட்டார். அம்மாவுக்குப் பல் பழுதா, ஏதும் மருந்து குடிக்கிறாயா, வாய் காய்கிறதா, என்ன பற்பசை, இனிப்பு எப்போது தின்கிறாய் என்றெல்லாம். வீட்டில் பெரியம்மாவின் மகள் ஜெனிற்றாதான் என்னைவிடக் கூட இனிப்புத் தின்கிறாள், அவளுக்கு ஒரு பல்லும் பழுதில்லை என்றேன். “எவ்வளவு தின்னுறாய் எண்டதை விட, எத்தினை தரம், எவ்வளவு நேரம் வாய்க்குள்ளை கிடக்குது எண்டதுதான் பிள்ளை முக்கியம். ஆளுக்காள் ஆபத்து வேறை” என்றார். பிறகு, “ஏன் உனக்கு இடது பக்கம் மட்டும் இப்பிடி?” என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். படகுகள் வந்த பிறகு இரவில் நான்தான் இறால் கோது உடைக்கிறேன் அம்மா. தூங்கி விழுந்தால் பெரியம்மா ஒரு துண்டு பனங்கட்டியை என் இடது கன்னத்துக்குள் வைத்து, “கொடுப்புக்குள்ளை அடக்கி வை, கரையுமட்டும் நித்திரை வராது” என்பார். முடிந்ததும் வாய் கொப்பளிக்கக்கூட ஏலாமல் அப்படியே படுத்துவிடுவேன். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும், பல்லைக் கழுவ ஒன்றும் இராது, அதனால் எனக்கு ஆபத்து மிகவும் கூட என்று டொக்டர் சொன்னார். இரவில் இனிப்பு நின்றால்தான் பல்லை அடைப்பதில் பிரயோசனம், வீட்டுப் பெரியவரைக் கூட்டிவா என்றார்.

பெரியம்மா போனார், சிரித்தார், “இவள் களவாய்த் தின்னுறவள் டொக்டர்” என்றார். வீட்டுக்கு வந்ததும் என் தலைமயிரைப் பிடித்து, “வாயைத் திறக்கச் சொன்னது பல்லைக் காட்டடி, வீட்டைக் காட்ட இல்லை” என்றார். ஜெனிற்றா என்னைப் பொக்கைவாய்ச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே திரிகிறாள். அன்று இரவு பெரியம்மா இரண்டு துண்டு கொண்டுவந்தார். “ஒரு பக்கம் மட்டும் பழுதானால்தானே டொக்டர் கேள்வி கேப்பா. இனி ரெண்டு பக்கமும் வை.” துப்பினால் இன்னொன்று வைக்கிறார். ஒவ்வொரு இரவும் இப்படித்தான்.

அம்மா, நீங்கள் வெயிலில் திரியாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பெரியம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம், பிடித்தால் எனக்குத்தான் விழும். ரீச்சருக்கு நேரே போன் எடுங்கள், நம்பரைக் கடைசியில் எழுதுகிறேன். என்னைக் கன்னியர் மடத்து விடுதியில் சேர்க்க அவர் கேட்டுப் பார்ப்பாராம், ஆனால் உங்கள் வாயால் ஓம் என்று சொல்ல வேண்டுமாம். வலது பக்கம் இன்னும் வலிக்கவில்லை அம்மா. இரவில் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்க்கிறேன், எல்லாம் வழுவழுப்பாகத்தான் இருக்கின்றன. அவையாவது மிஞ்ச வேண்டும், கெதியாக எடுங்கள். ரீச்சரின் நம்பர் 077

பெரியம்மா கதவைத் தட்டுகிறார்