உப்பில்லா நேர்த்தி

சிவமயம்

மதராஸ்

அன்பு மகள் தேனம்மைக்கு ஆத்தா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்குச் சுகந்தானா? உன் மகள் சிட்டாள் இங்கே ஆஸ்பத்திரியில் நன்றாகத் தூங்குகிறாள். பயப்படாமல் படி.

அவள் வளையலையெல்லாம் கண்டவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு விடிய விடியப் பேசியதும், பிறகு சுவரைப் பார்த்தே கிடந்ததும் ஒரே நோய்தானாம். இளவயதில் வருமாம். பேயும் இல்லை, திமிரும் இல்லை என்றார் டாக்டரம்மா. லித்தியம் மாத்திரையை வருஷக்கணக்கில் விடாமல் போடவேண்டுமாம். பெயரை நானே படித்தேன். ஐந்தாம் வகுப்பு வீண்போகவில்லை.

குணமாகும்வரை அவள் உப்பில்லாமல் சாப்பிடுவாள் என்று கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக எழுதியிருந்தாய். அப்படியே பொங்கிக் கொண்டுபோனேன். “ஆயா, நோயவிட ஒங்க சோறுதான் கொடுமை” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கை நடுங்கியது, வாந்தியும் எடுத்தாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, “உப்ப நிறுத்தினா மாத்திரை உடம்புல தங்கி விஷமாயிரும் ஆச்சி. வழக்கம்போலப் போடுங்க” என்றார். சலைன் ஏற்றினார்கள். இப்போது சரியாகிவிட்டது.

நேர்ந்ததை நீ விடமாட்டாய், என் மகளாயிற்றே. அதனால் அதை நான் ஏற்றுக்கொண்டேன். கோயிலுக்குப் போய் அம்மனிடம் என் பேரை மாற்றிச் சொல்லிவிடு. வருகிறவர்களிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. வாரம் ஒரு கார்டு அவள் பேருக்குப் போடு, பக்கத்துக் கட்டில்காரிக்கெல்லாம் தபால் வருகிறது.

ஒரு வாரமாக உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். இந்தக் கிழட்டு நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நர்ஸ் கூப்பிடுகிறாள்.

ஆத்தா
அழகம்மை