வேலை நாளில் பார்த்த மியூசியம்

ரூவி, மஸ்கட்

அன்பு மகன் அஸ்கர் அலிக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சுகமா என்று வழக்கம்போல ஒரு வரியில் கேட்டுவிட்டு மேலே போக இந்தத் தடவை எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அந்தச் சிரிப்பில் நானும் விழுந்துவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உம்மா உனக்கு இடியப்ப மாவும் மாசிக் கருவாடும் கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பார்சலுக்குள் இதையும் வைத்துவிடுவேன்.

உன்னைப் பார்த்துவிட்டுப் பிரான்சிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தோமா என்று இருக்கிறது. நேற்று ஒரு ஒமானி பெரிய பெட்டி கேட்டார், எடுக்க உள்ளே போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்து நிற்கிறேன், அவர் மாஃபி? என்று கேட்கிறார், எது இல்லை என்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. உம்மாவுக்கோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பயணக் கதைதான். அவிஞ்ஞோனில் போப்புமார் இருந்த அரண்மனையைப் பற்றிச் சொல்லும்போது, அவ்வளவு பெரிய வூட்டுல உக்கார ஒரு பாய் கூட இல்லம்மா, வெறுஞ் சுவரத்தான் காட்டுறாங்க என்கிறாள். நீம் நகரத்து ரோமானிய அரங்கத்தில் படியேறி வீங்கிய முட்டிக்கு இன்னும் தைலம் தேய்க்கிறாள். மியூசியத்தில் தட்டில் மீன் வைத்து ஒருவர் வரைந்திருந்தாரே, அதன் முன்னால் நின்று, இது நேத்துப் பிடிச்ச மீனு, கண்ணு உள்ள போயிருச்சு பாருங்க என்றாளே, அதைப் பக்கத்து ஃபிளாட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வெளிநாட்டில் பிறந்தவன் வரைந்த மீனையும் அவள் விடவில்லை.

நான் படத்தையும் கல்லையும் அவ்வளவாகப் பார்க்கவில்லை மகனே, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த நாளெல்லாம் நீ எங்களோடேயே சுற்றினாய். உன் ஆபீசிலிருந்து ஒரு போன் வரவில்லை. எத்தனை நாள் லீவு போட்டிருக்கிறாய் என்று கேட்டேன், அதெல்லாம் பாத்துக்கலாம் வாப்பா என்றாய். வளைகுடாவில் இத்தனை வருஷம் இருந்தவனிடம் அந்தப் பதில் செல்லுமா? லீவை விரல் விட்டு எண்ணாத ஒரு உத்தியோகக்காரனை நான் இங்கே பார்த்ததே இல்லை. அப்புறம் உன் ஊரான மொன்பெலியேயில் அந்த மியூசியத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிப்போனாய். வாசலில் தந்த வரைபடத்தைப் பிரிக்காமலே எங்களை நடத்திப்போனாய். எந்த அறையில் குளிர் தெரியாது, பள்ளிப் பிள்ளைகள் எப்போது வந்து கூச்சல் போடுவார்கள், காவல் நிற்பவர்கள் எப்போது மாறுவார்கள் எல்லாம் உனக்கு அத்துப்படி. வேலை நேரத்தில் வேலையில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அங்கே காவலுக்கு நின்ற அந்த வயதான பெண்மணி உன் தோளில் கை வைத்து என்னமோ கேட்டுவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிஞ்சவங்க என்றாய், உன் காது சிவந்துபோனது. நீ முகம் கழுவப் போனபோது உன் ஆபீஸ் பையை என்னிடம் கொடுத்தாய். பை விற்றே பிழைக்கிறவன் நான், கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, உள்ளே லேப்டாப் இல்லை, ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையும்தான்.

மியூசியத்து பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு கலீலுர் ரஹ்மான் ஞாபகம்தான் வந்தது. நான் மஸ்கட் வந்த புதிதில் எங்கள் ரூமில் இருந்தவன், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதை எங்களிடம் மறைத்துவிட்டான். காலையில் எங்களோடு எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டு டூட்டிக்குப் போவதுபோலவே கிளம்புவான், பஸ் ஸ்டாண்டிலும் ஏசி உள்ள கடைகளிலும் பொழுதைத் தள்ளுவான். இரவில் கூப்பிட்டால் கம்பெனியிலேயே சாப்பிட்டாச்சு பாய் என்பான். ஒருநாள் ரூம் படிக்கட்டில் மயங்கி விழுந்தான், வயிற்றில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். ஒருவனுக்கு வேலை போனால் அவனுடைய மெஸ் சாப்பாட்டுச் செலவுப் பங்கை மற்றவர்கள் போட்டுக்கொள்வது இங்கே எல்லா ரூமிலும் உள்ள வழக்கம், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதுகூட இல்லை. ஆனால் அவன் சொன்னால்தானே தெரியும். வேலை போனதற்கு நாங்கள் அவனைக் கோபிக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் ரொட்டியும் சால்னாவும் சாப்பிட்டோமே, எங்களை அப்படி ஆக்கிவிட்டானே என்றுதான் கோபம். கோபித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினோம்.

நீயும் எங்களை அப்படித்தான் ஆக்கிவிட்டாய். ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த அல்ஜீரியாக்காரர் கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டிறைச்சியும் குஸ்குஸும் வாங்கி வைத்துவிட்டு, எனக்குப் பசிக்கல என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாய். நல்லாயிருக்கா, நல்லாயிருக்கா என்று வேறு கேட்டாய். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

உம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டே, புள்ளைக்கு அங்க சரியில்ல, அவனாச் சொல்ற வரைக்கும் நீங்க தோண்டாதிய என்றாள். அவள் பொறுமைசாலி, மீன் கதை சொல்லிச் சிரித்தே நாளைக் கடத்துவாள். எனக்கு அது கைவராது, அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். அங்கேயே இருந்து வேறு வேலை தேடுவதென்றால் தேடு. கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போவதென்றால் விசிட் விசாவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், கடைக்கு வந்து உட்கார் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். மியூசியத்துக்குப் போவதை விட்டுவிடாதே, அந்தப் பெண்மணி நல்லவர், ஆனால் மதியம் எங்கேயாவது உட்கார்ந்து சூடாகச் சாப்பிடு.

ரப்பு உன் பிழைப்பை, உன் ரிஸ்கை விசாலமாக்கி வைப்பானாக, தெரியாத ஊரில் தெரிந்த முகங்களை உனக்குப் பெருக்கித் தருவானாக. இதைப் படித்து முடித்ததும் போன் செய். வேறு எதுவும் பேச வேண்டாம், வாப்பா வேலை போயிடுச்சு என்று மட்டும் சொல். எப்போது போனது, ஏன் போனது என்று கேட்க மாட்டேன், சரி மகனே என்று மட்டும்தான் சொல்வேன். அதைத்தான் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரல் உடையாமல் இன்னும் வரவில்லை, அதற்காக நீ காத்திருக்காதே.

துஆவுடன்,
உன் வாப்பா
மக்தூம்