குடிலுக்கு முன்னால் வைத்த பழமரம்

என் அருமை லூர்து அண்ணிக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போன பிறகு வந்த முதல் கிறிஸ்து பிறப்பு ஒளிவிழா ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மாதா கோயில் மண்டபத்துக்கு இந்த முறை காகிதப்பூ கட்டவில்லை. பழத்தால் ஒரு மரம் செய்தேன். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரு வருஷம் தோட்டத்துரை பங்களாவில் நத்தார் விருந்துக்குச் சமையலில் உதவப் போனீர்களே, நினைவிருக்கிறதா? மேசை நடுவே பழத்தாலேயே ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள் என்று வந்து சொன்னீர்கள். விடிந்ததும் அதைக் குழியில் கொட்டச் சொன்னார்களாம். கொட்டியதும் நீங்கள்தான். ஒரு திராட்சையாவது வாயில் போட்டீர்களா என்று கேட்டேன்.

"அது திங்கிறதுக்கு வச்சதில்ல, ஆரோக்கியம். பாக்கிறதுக்கு வச்சது" என்றீர்கள். உங்களுக்குக் கோபமே வரவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதனால் ஒன்று தீர்மானித்தேன். நம் மண்டபத்தில் அப்படி ஒரு மரம் நிற்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு கையும் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்ன வேண்டும்.

யாரும் சொல்லித்தரவில்லை. போனில் பார்த்து மூன்று தடவை செய்து பார்த்தேன். பார்த்ததையெல்லாம் கொப்பியில் எழுதினேன். பேரிக்காய் வெட்டிய கொஞ்ச நேரத்தில் கருக்கிறது, தேசிக்காய் பிழிந்த புளித்தண்ணீரில் முக்கினால் ஒரு மணி நேரம் தாங்குகிறது. பப்பாசி கனிந்துவிட்டால் குச்சியில் நிற்பதில்லை. அடிக்கு முட்டைக்கோவா வைத்தால் உருள்கிறது. பூசணியின் அடியைச் சீவி உட்கார வைத்தால் அசைவதில்லை. கோயிலுக்கு வரும் வீடுகளை எழுதித் தலை எண்ணினேன், அறுபத்தெட்டு. பல் முளைக்காத பிள்ளையையும் சேர்த்துத்தான். அறுபத்தெட்டுத் துண்டு. ஒவ்வொன்றையும் குச்சியில் கோத்துப் பூசணியில் குத்தும்போதும் ஓர் அருள் நிறைந்த மரியே மந்திரம் சொன்னேன்.

மண்டபத்துக்குக் கொண்டு போனதும் சபைச் செயலாளர் தம்பிக்குக் கண் விரிந்தது. முன்வரிசையில் விருந்தாளிகள் மேசைக்குக் கொண்டு போவோம், அவர்கள் பார்க்கட்டும் என்றார். முடியாது என்றேன். அவர் மறுபடி வந்து தூக்காமல் இருக்க, இயேசு பாலன் குடிலுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்தேன். இரண்டு பக்கமும் மெழுகுதிரி வேறு ஏற்றினேன். என் பக்திதான் என் புத்தியை மறைத்தது அண்ணி.

வந்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டார்கள். துணியைத் தொட்டு உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் லயத்து வரிசை வீட்டு ஞானம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டு வந்து மரத்தின் பக்கத்தில் வைத்து முழந்தாளிட்டாள். எடுத்துச் சாப்பிடச் சொன்னேன்.

"சாமிக்கு வச்சதுல கை வைக்கச் சொல்றியா? ஃபாதர் மந்திரிச்சுக் குடுக்கட்டும்" என்றாள்.

ஃபாதர் மஸ்கெலியாவில் பூசை முடித்து வர வேண்டும். வெளியே மழை. பேரிக்காய் ஓரத்தில் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. இதுவும் பார்க்கிறதற்கு வைத்ததாகவே முடிந்துவிடும்போல இருந்தது.

மெழுகுதிரிகளை அணைத்தேன். பாலனிடம் மன்னிப்புக் கேட்டேன். பூசணியோடு மரத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, சாறு சேலையில் ஒழுக, பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நடந்தேன். செயலாளர் தம்பி பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானம்மா முன்னால் குனிந்து நீட்டினேன். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். "கறை போகல ஆரோக்கியம். இந்தக் கையால எப்படி?"

"கொழுந்து எடுத்த கறைதானே. எடு. நீ எடுக்கிற வரைக்கும் இப்படியேதான் நிப்பேன்."

அண்ணி, அன்றைக்குப் பங்களாவில் யாராவது உங்களிடம் ஒரு துண்டு நீட்டியிருந்தால் எடுத்திருப்பீர்களா? நீங்களும் கையை ஒளித்திருப்பீர்களோ?

அவள் ஓர் அன்னாசித் துண்டை உருவினாள். மென்றாள். மண்டபமே அவள் வாயைப் பார்த்தது.

"உப்பும் மொளகாத்தூளும் இல்லாம அன்னாசி குடுக்கிறவள இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள்.

சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது. யாரோ ஓடிப் போய் உப்பும் தூளும் கலந்து கிண்ணத்தில் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு கைகளை என்னால் எண்ண முடியவில்லை. ஃபாதர் நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது ஓட்டை ஓட்டையாக ஒரு பூசணிதான் இருந்தது. இது என்ன அலங்காரம் என்று கேட்டார். "நீங்க பிந்திட்டீங்க ஃபாதர்" என்று ஞானம்மா அவருக்கு வாழைப்பழம் கொடுத்தாள்.

போகும்போது செயலாளர் தம்பி, அடுத்த வருஷம் இரண்டாகச் செய்யுங்கள் அக்கா, ஒன்று விருந்தாளிகளுக்கு என்றார். ஒன்றுதான் செய்வேன். பாயின் நடுவில், திரியில்லாமல், துணியில்லாமல் வைப்பேன். வேண்டுமானால் விருந்தாளிகள் எங்களோடு கீழே உட்கார்ந்து எடுத்துக்கொள்ளட்டும். கையில் பலம் இருக்கும்வரை இதை விடமாட்டேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புருஷனின் தங்கை, உங்களுக்கும் தங்கையாகவே இருந்தவள்,
ஆரோக்கியம்