பதினேழாம் தேதித் தாள்

பதிவு: நாள் 212, மாலை 6.10
செவ்வாய், வடமுனைப் பனி நிலையம். பொறுப்பு: மெல்சியா, துளைப்புப் பொறியாளர். வேறு ஆள் இல்லை.

துளைப்பான் சரி. பனியை உருக்கி எடுத்த எரிபொருள் தொட்டியில் முக்கால். நிரம்பியதும் பூமியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அது வந்தால்தான் நான் ஊர் திரும்பும் ராக்கெட்டின் பூட்டு திறக்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அஞ்சல் செயற்கைக்கோள் வாரம் இரண்டு பொட்டலம் அனுப்பும்: வீட்டுக் காணொளி, உலகச் செய்தி. திரைக்கு ஒதுக்கிய மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும். உலகச் செய்தியை ஊருக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

என் கணவர் செல்வின், நீலச் சட்டையில், மணப்பாட்டு வீட்டிலிருந்து: "கடல் ரொம்ப உள்ள போய்க் கெடக்கு, கேட்டியா. பிள்ளைய எல்லாம் பாறையில சங்கு பொறுக்குது. அமாவாசைக்கு உள்வாங்குறதுதான."

மகள் ஜெனிலா முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். ஒட்டிக்கொண்டிருப்பதே ஆச்சரியம், நாளைக்குள் விழுந்துவிடும். சுவரில் தினசரி காலண்டர், பதினேழு.

பதிவு: நாள் 219, மாலை 6.25
உத்தரவு எப்போது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்கள் செய்தி கிடைத்தது." கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் குறட்டை விடுகிறார்கள் போல.

செய்திப் பொட்டலம் இளைத்துப்போய் வந்திருக்கிறது. நல்லது, நினைவகத்தில் இடம் மிச்சம்.

செல்வின் அதே நீலச் சட்டை. காலண்டரில் இன்னும் பதினேழு. ஒரு தாளைக் கிழிக்க இவ்வளவு சோம்பல். "இங்க எல்லாரும் நல்லாருக்கோம்." பல் விழுந்ததா என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது.

பதிவு: நாள் 240, மாலை 6.05
பதினேழு. போன வாரமும் பதினேழு. நன்றாகத் திட்டி அனுப்பியிருந்தேன், மனிதர் சிரித்துக்கொண்டு மீன்குழம்பைப் பற்றிப் பேசுகிறார்.

பதிவு: நாள் 254, மாலை 6.40
தொட்டி நிரம்பிவிட்டது. உத்தரவு இல்லை. "உங்கள் செய்தி கிடைத்தது."

இன்று ஜெனிலா மறுபடி வந்தாள். வாயைத் திறந்தாள். அதே பல், அதே மாதிரி நாக்கால் தள்ளினாள். அப்பா சோம்பேறி என்றால் காலண்டர் நிற்கும். பல் எப்படி நிற்கும்?

பதிவு: நாள் 254, இரவு 8.50
வெப்பமூட்டியை அணைத்து, அந்த மின்சாரத்தில் சேர்த்துவைத்த செய்திகளைத் திறந்தேன். கை விறைக்கிறது.

முதல் பொட்டலம். தலைப்பில் ஒரு நடிகரின் கல்யாணம். எங்கோ அடியில்: கடலோர மக்கள் முன்னெச்சரிக்கையாகப் பத்து நாள் வெளியேற வேண்டும். இரண்டாவதில் மொத்தமே நான்கு வரி, "எல்லாக் கண்டங்களின் கரைகளிலும்" என்று ஆரம்பிக்கிறது. மூன்றாவதிலிருந்து தேதி மட்டும்.

செயற்கைக்கோள் தன்னிடம் இருந்த காணொளிகளை வாரத்துக்கு ஒன்றாக விட்டுக்கொண்டிருக்கிறது. "கிடைத்தது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

உலகம் புரண்டுகொண்டிருந்த நேரத்தில் நான் காலண்டருக்காகச் சண்டை போட்டேன்.

பதிவு: நாள் 261, மாலை 6.15
செல்வின், நீலச் சட்டை: "மெல்சி, இது கடைசி. கோவப்படாத. கடக்கரை ஊரையெல்லாம் காலி பண்ணச் சொல்லுதாங்க. பத்து நாள்ல திரும்பிரலாமாம். போற இடத்துல சிக்னல் இருக்குமோ என்னமோ, அதான் எட்டு வாரத்துக்கும் இன்னைக்கே பேசி வச்சிட்டேன். நீ தனியா கெடந்து பயந்துரக்கூடாதுல்லா. நான் சீக்கிரமே வந்துட்டா மிச்சத்த அழிச்சிருவேன். வண்டி வந்துட்டு. ஏ ஜெனி, அந்தச் சங்கையெல்லாம் வச்சிட்டு வா. வந்து எடுத்துக்கலாம்."

எழுந்தார். காலண்டரைப் பார்த்தார். கிழிக்கவில்லை, விளக்கை மட்டும் அணைத்தார்.

பதிவு: நாள் 268, மாலை 6
வாரப் பொட்டலம் வரவில்லை.

பூட்டு திறக்கவில்லை. இதைக் கண்டெடுப்பவருக்கு: தொட்டி நிரம்பியிருக்கிறது, வீணாக்காதீர்கள்.

செல்வின், காலண்டர் கிடக்கட்டும். அவள் பல் இந்நேரம் விழுந்திருக்கும். கூரை மேலே எறிந்தீர்களா? எந்த ஊர்க் கூரை என்று மட்டும் ஒரு வார்த்தை