மூடிக்கொண்ட வெடிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரபு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் அம்மா என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

இங்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் சின்னதாக ஒரு மண்சரிவு. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூன்று மாதப் பயிற்சி என்றுதான் எடுத்தார்கள். சொல்லித்தர ஆள் இல்லாததால் மூன்று நாள் வீடியோ காட்டிவிட்டு, மொத்தச் சுரங்கத்துக்கும் மண்ணும் பாறையும் பார்த்துச் சொல்லும் ஜியாலஜிஸ்டாக என்னையே ஆக்கிவிட்டார்கள்.

என்னோடு தங்கியிருந்த பொக்லைன் டிரைவர் மங்ரு, சுரங்கச் சுவரின் மேலே நீளமாக ஒரு வெடிப்பைக் காட்டினார். மறுநாள் மழை. வெடிப்பைக் காணோம். கோடையில் வெடித்த நம் வயல் தண்ணீர் கட்டியதும் மூடிக்கொள்ளுமே, அந்த நினைப்பில் ‘மூடிவிட்டது, ஆபத்தில்லை’ என்று கையெழுத்துப் போட்டேன். சேறுதான் மேலே அடைத்திருந்தது அப்பா. தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சுவர் சரிந்ததில் மங்ரு வண்டியோடு மண்ணுக்கு அடியில் போய்விட்டார். அறையில் இப்போது இடம் தாராளம்.

ஏன் சரிந்தது என்று அறிக்கை எழுதவும் ஜியாலஜிஸ்ட்தான் வேண்டுமாம். “வேற யாரு இருக்கா? நீயே எழுதிடு தம்பி” என்றார் மேனேஜர் கல்யாணம், நம் கும்பகோணத்துக்காரர். எழுதிவிட்டேன். நான் எச்சரித்தும் கேட்காமல் மங்ரு வண்டியை உள்ளே விட்டதாக. தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்த மாதம் வரும் இரண்டு பேருக்கு நான்தான் பயிற்சி தர வேண்டும்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள், சோறு இறங்கவில்லை. தபால் ஜீப் கிளம்புகிறது. பதிலில் நாற்று, மாடு, மழை எல்லாம் எழுதுங்கள். வயல் வெடிப்பு மூடியதா என்று மட்டும் எழுத வேண்டாம்.

பிரபு